படுக்கையில் இருப்பவரின் வாயும் தலைமுடியும்



ஆஸ்பத்திரி என்றதும் நம் மனக்கண்முன் வருவது ஆபரேஷன் அறையும் ஊசியும் எக்ஸ்ரே இயந்திரமும்தான். அவைகளுக்காக நீங்கள் மனமுவந்து கொடுத்துவருகிறீர்கள். இந்த முறை வேறொரு வேலையைப் பற்றி உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறோம். அது வியாதியஸ்தரின் வாயைக் கழுவிவிடுவது, தலையைச் சீவிவிடுவது. பெரும்பாலும் எந்த பில்லிலும் இதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை. வார்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைக் காட்டுகிறவர்களும் இல்லை. ஆனாலும் இது நடக்காத வார்டில், மற்ற எல்லாம் சரியாக நடந்தும் மனிதர்கள் நிமோனியாவில் இறந்துபோகிறார்கள்.

விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு கரிசல் காட்டுக் கிராமத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மிளகாய்ச் செடிக்கும் கம்புக்கும் நடுவில் அறுபது வயது வரை பாடுபட்ட ஒரு பெரியவர் ஒருநாள் பக்கவாதத்தில் விழுந்துவிடுகிறார். தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ கொண்டுபோகிறார்கள். உயிர் தப்பிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து மூக்கில் ஒரு குழாயோடு வீட்டுக்கு வருகிறார். கஞ்சி, பால், மாத்திரை எல்லாம் அந்தக் குழாய் வழியாகவே போகிறது. வீட்டார் எதிலும் குறை வைப்பதில்லை. மணி பார்த்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள், புரட்டிப் படுக்கவைக்கிறார்கள், முதுகு துடைக்கிறார்கள். வாயை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. "வாய்வழியாக ஒன்றும் சாப்பிடுவதில்லையே, வாயை எதற்குக் கழுவவேண்டும்?" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இதற்கு நேர் எதிரானது. வாயால் சாப்பிடாதவருக்குத்தான் வாய் கழுவுவது அதிகம் தேவை.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சுகமாக இருக்கிற ஒருவரின் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. நாம் மெல்லும்போதும், பேசும்போதும், தண்ணீர் குடிக்கும்போதும் அந்த உமிழ்நீர் பல்லையும் நாக்கையும் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. குழாய் வைத்தவருக்கு மெல்லுகிற வேலை இல்லை, ஆகையால் உமிழ்நீர் குறைந்துவிடுகிறது. நினைவு மங்கினவர் வாயைத் திறந்தபடியே மூச்சு விடுகிறார். உள்ள ஈரமும் காய்ந்துபோகிறது. இரண்டு மூன்று நாளில் நாக்கின்மேல் பழுப்பு நிறத்தில் பொருக்கு கட்டுகிறது, மேலண்ணத்தில் சளி ஒட்டிக் காய்கிறது, உதடு வெடிக்கிறது. அந்தப் பொருக்கில் கிருமிகள் பெருகுகின்றன. பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்தவருக்குத் தன் எச்சிலே புரையேறும். கிருமி நிறைந்த அந்த எச்சில் இருமல்கூட இல்லாமல் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு காய்ச்சல், இரைப்பு, மறுபடியும் ஆம்புலன்ஸ். "தடுமம் பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது" என்று ஊரில் சொல்லுவார்கள். பல நேரங்களில் இறங்கியது தடுமம் அல்ல, கழுவாத வாயின் அழுக்கு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் 11 இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்பும் நர்சுகளோ பணியாளர்களோ ஏறக்குறைய 5 நிமிடம் பல் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவப் பிரிவினரும் வந்து பார்த்தார்கள். மற்றப் பிரிவினர் வழக்கம்போல விடப்பட்டார்கள். துலக்கிவிடாத பிரிவில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கிவிட்ட பிரிவில் 100-க்கு 11 பேருக்குத்தான் வந்தது. பல்லே இல்லாத முதியவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது. பொக்கை வாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருப்பவர்களைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. அவர்கள் வாயை குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்தால் துடைப்பதே பல ஆண்டுகள் உயர்ந்த முறையாக எண்ணப்பட்டது. அந்த மருந்தைப் பற்றிச் சந்தேகங்கள் எழுந்தபின், 2022-ல் அமெரிக்காவின் தொற்றுத் தடுப்பு வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை விலக்கிவிட்டுப் பிரஷால் பல் துலக்கிவிடுவதையே பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டில் 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தினமும் பல் துலக்கிவிடப்பட்ட நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்து பின்னால் போய், ஒரு சாதாரணப் பிரஷ் முன்னால் வந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வுக்குப் பொருந்துவது விளாத்திகுளத்து ஓட்டு வீட்டுக்கும் பொருந்துகிறது என்பதே எங்களுக்கு இதில் சந்தோஷம்.

இனி, செய்யும் விதம். முதலாவது, படுக்கவைக்கும் முறை. மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உட்கார முடிந்தவரானால் சாய்ந்து உட்காரவைத்து மோவாய் சற்றுக் கீழே தாழ்ந்திருக்கச் செய்யவேண்டும். முடியாதவரானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்தின்கீழ் ஒரு துண்டும் ஒரு கிண்ணமும் வைக்கவேண்டும். வாயில் போகிற ஈரம் தானாக ஓரத்தில் வழிந்து வெளியே வரவேண்டும். அதற்குப் பிறகு அவரிடம் சொல்லவேண்டும். நினைவில்லாதவரிடமும் சொல்லவேண்டும், காது கேட்டுக்கொண்டிருக்கலாம். "ஆச்சி, வாய் கழுவப்போறேன், கொஞ்சம் திறங்க" என்று ஒரு வார்த்தை. சொல்லாமல் வாயில் எதையாவது நுழைத்தால் யாரானாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்கள்.

பல் உள்ளவருக்குக் குழந்தைகள் உபயோகிக்கும் சின்னத் தலையுள்ள மிருதுவான பிரஷ் போதும். அதைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, பற்பசை போடுவதானால் பட்டாணி அளவுக்கும் குறைவாகப் போட்டு, ஈறு ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய்க்கவேண்டும். நுரை அதிகம் வந்தால் அதுவும் புரையேறும். பல் இல்லாதவருக்கும், ஈறில் இரத்தம் கசிகிறவருக்கும் சுத்தமான மெல்லிய துணியை இடுக்கியிலோ குச்சியிலோ அவிழாதபடி சுற்றி, நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். பஞ்சு பிரிந்து தொண்டைக்குள் போக இடமுண்டு, ஆகையால் துணியே நல்லது. கடிவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள இடத்தை மறக்கக் கூடாது. பக்கவாதம் வந்த பக்கத்தில் அங்கேதான் சோற்றுப் பருக்கையும் மாத்திரைத் துண்டும் நாள்கணக்கில் தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியவும் தெரியாது. கடைசியாக நாக்கு. அதைத் துடைக்கும்போது மிகவும் பின்னால் போனால் குமட்டும். விரலைப் பற்களுக்கு நடுவில் வைக்கவே வேண்டாம். இதைக் கற்றுக்கொடுக்கிற எந்த சிஸ்டரும் முதல் நாளிலேயே இதைத்தான் சொல்லுவார்கள். பல் செட் வைத்திருப்பவருக்கு இரவில் அதைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கவேண்டும்.

நாளைக்கு இரண்டு தடவை துலக்குவது எல்லாருக்கும் வேண்டும். நினைவில்லாதவருக்கும், வாய் திறந்தபடி மூச்சு விடுகிறவருக்கும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் வாயை ஈரப்படுத்தி, உதட்டில் லேசாக எண்ணெய் தடவவேண்டும்.

எதைக்கொண்டு கழுவுவது? கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போதும். முன்னாட்களில் வார்டுகளில் எலுமிச்சையும் கிளிசரினும் கலந்து வாய் துடைப்பார்கள், பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் கிளிசரின் வாயை மேலும் உலர்த்துகிறது, எலுமிச்சையின் புளிப்பு பல்லை அரிக்கிறது. ஆகவே அது கைவிடப்பட்டது. செங்கல்பொடி, அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவற்றால் தாத்தா காலத்திலிருந்து பல் தேய்த்தவர்கள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. அவர்கள் சுகவீனமாகப் படுத்தபின்னும் வீட்டார் அதையே எடுத்துவருகிறார்கள். அந்தப் பொடி காய்ந்த வாயில் ஒட்டிக்கொள்ளும், மூச்சிலும் போய்விடும். வேப்பங்குச்சியைக் குறை சொல்லமாட்டோம், தானே மென்று துலக்க முடிகிறவருக்கு அது ஏற்றதுதான். பிறர் துலக்கிவிடும்போது மட்டும் அது வேண்டாம்.

இங்கே ஒரு காரியத்தைக் கூச்சப்படாமல் எழுதவேண்டியிருக்கிறது. உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். பிள்ளைகள், பேரன்மார், தூரத்திலிருந்து வந்த உறவுக்காரர் என்று ஒவ்வொருவராக ஒரு கரண்டி ஊற்றுவார்கள். பல கிறிஸ்தவ வீடுகளிலும் பாலுக்குப் பதில் தண்ணீராவது ஊற்றாமல் விடமாட்டார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவரால் விழுங்க முடியாது. ஊற்றியது தொண்டையில் நின்று களகளவென்று சத்தமிடும், மூச்சு முட்டும். அவருடைய கடைசி மணி நேரம் அப்படிக் கழியவேண்டியதில்லை. வேண்டாம் என்று தடுத்தால் வீட்டாருக்கு மனம் புண்படும், "ஒரு வாய்த் தண்ணி கொடுக்க விடலையே" என்று பின்னால் காலமெல்லாம் சொல்லி அழுவார்கள். அனுபவமுள்ள நர்சுகள் தடுப்பதில்லை, மாற்றிக் கொடுக்கிறார்கள். சின்னத் துணியைப் பாலிலோ தண்ணீரிலோ நனைத்து, பிழிந்து, மகனுடைய கையில் கொடுத்து, உதட்டையும் நாக்கு நுனியையும் நனைக்கச் சொல்லுகிறார்கள். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் அப்படியே செய்யலாம். வழக்கமும் நிற்கிறது, போகிறவருக்கும் வாய் குளிர்கிறது.

வாய்ப் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலையும் வெற்றிலையும் வழக்கமாயுள்ள நம் நாட்டில் இந்த நோய் அதிகம். புண்ணிலிருந்து வரும் துர்நாற்றத்தால் சொந்தப் பிள்ளைகளே கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிவிடுவதுண்டு. அந்த நாற்றம் காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளால் வருகிறது. மெட்ரோனிடசோல் என்ற மலிவான மருந்தால் அதைப் பெரிதும் குறைக்கலாம், டாக்டர் சொல்லுகிற விதத்தில் உபயோகிக்கவேண்டும். நாளுக்குப் பலமுறை உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கவும் செய்தால், கட்டில் மறுபடியும் வீட்டுக்குள் வருகிறது. நாக்கில் தயிர் திட்டுப்போல வெள்ளை படர்ந்து, துடைத்தால் இரத்தம் கசிந்தால் அது பூஞ்சை. அதற்கும் மருந்து உண்டு. "நாக்கு ருசி கெட்டுப்போச்சு, சாப்பிடமாட்டேங்கிறார்" என்று வீட்டார் சொல்லும்போது பல தடவை காரணம் இதுதான்.

தலைமுடிக்கு வருவோம். முடியைக் கவனிக்காததால் யாரும் இறப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் ஒரு தாயார் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கும்போது, பின்னந்தலையில் முடியெல்லாம் சடையாகத் திரண்டு கட்டியாக இருக்கிறது. தலையணையில் ஓயாமல் உரசியதாலும் வியர்வையாலும் வந்தது. அந்தச் சடையின்கீழ் தலைத்தோல் ஈரத்திலேயே ஊறி, சில சமயம் படுக்கைப் புண்ணே வந்திருக்கும். பிறகு கத்தரிக்கோல்தான் வழி என்கிறார்கள். முப்பது நாற்பது வருஷம் பின்னிய கூந்தல் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது. நாளைக்கு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இது வந்திராது.

சிக்கு எடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். வேர்ப்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக வாரினால் வலிக்காது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் இலகுவாக வரும். வாரியபின் நடுவில் ஒற்றைப் பின்னல் போடக் கூடாது, அது தலைக்கும் தலையணைக்கும் நடுவில் கயிறுபோல அழுத்தும். காதோரமாக இரட்டைப் பின்னல் தளர்வாகப் போட்டு முன்னால் விட்டுவிடவேண்டும். வயதான ஆச்சிமார் இரட்டைப் பின்னலைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஆக்கிவிட்டீர்களே என்று சிரிப்பதுண்டு. வார்டில் அந்தச் சிரிப்பும் வேண்டியதுதான்.

காய்ச்சல் விட்டபின் தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பது நம் வழக்கம். ஜன்னி வந்துவிடும் என்ற பயத்தில் வாரக்கணக்காகத் தலையில் தண்ணீர் படவிடாதவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில், காற்று அடிக்காத அறையில் கழுவி உடனே துவட்டினால் ஜன்னி வராது. படுக்கையிலேயே கழுவவும் முடியும். தலை கட்டில் ஓரத்துக்கு வரும்படி குறுக்காகப் படுக்கவைத்து, கழுத்தின்கீழ் துண்டைச் சுருட்டி வைத்து, ஒரு ரப்பர் ஷீட்டின் இரண்டு ஓரத்தையும் உருட்டி வாய்க்கால்போல் ஆக்கி, அதன் மறுமுனையைக் கீழே வாளிக்குள் விடவேண்டும். காதில் பஞ்சு, கண்மேல் மடித்த துணி. தண்ணீரின் சூட்டை முதலில் நம் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும். கழுத்தில் அடிபட்டவருக்கும், தலையில் தையல் போட்டவருக்கும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வேம்பார், வைப்பாறு பக்கத்துக் கடலோர ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பிசுபிசுவென்று முடியில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு சீயக்காயோ உசிலை இலைப் பொடியோ மேல். கடைசி இரண்டு செம்பாவது நல்ல தண்ணீராக இருந்தால் போதும். குடம் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்குகிற வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றச் சொல்வது லேசான காரியம் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு செம்பு என்கிறோம். தலை காய சாம்பிராணி போடுகிற வழக்கத்தில் ஓர் எச்சரிப்பு: ஆக்சிஜன் ஓடுகிற அறையில் நெருப்பு வரவே கூடாது. இளைப்பு உள்ளவருக்குப் புகையும் ஆகாது.

பேன் இருந்தால் வீட்டார் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். சுத்தமான தலையிலும் பேன் வரும், அது ஒருவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு நேரே ஏறுவது. மண்ணெண்ணெய் தடவுவது ஆபத்தான பழக்கம், தோல் வெந்துபோகும், தீப்பற்றவும் கூடும். டாக்டர் தரும் பெர்மெத்ரின் மருந்தைத் தடவிக் கழுவி, ஈரமுடியில் பேன் சீப்பால் வாரவேண்டும். ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேலாகும், ஆகவே ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும் ஒருமுறை செய்யாவிட்டால் முதலில் செய்தது வீண்.

கேட்காமல் யாருடைய முடியையும் வெட்டக் கூடாது. இது சட்டத்துக்காகச் சொல்லுவது அல்ல. ஒருவர் நேர்த்திக்கடனாக முடி வளர்த்திருக்கலாம், அது நம்முடைய விசுவாசம் அல்ல என்பதற்காக அவருடைய தலை நம்முடையதாகிவிடாது. முக்காடு எடுக்காத பெண்மணிக்கு மறைப்புத் திரை போட்ட பின்புதான் தலையைத் தொடவேண்டும். ஆபரேஷனுக்காக மொட்டையடிக்க நேர்ந்தால், முன்னதாகவே சொல்லி, வெட்டிய முடியை வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட செவிலியர் குறிப்புகளில் சரீரச் சுத்தத்துக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கி, 1946-ல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. இன்றைக்கும் நாட்டில் எந்த நர்சிங் மாணவியும் முதல் வருஷத்தில் கற்கும் பாடங்களில் வாய் கழுவுவதும் தலை கழுவுவதும் உண்டு. நமக்கு இன்னும் அருகில், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் தவறி விழுந்தபின் 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலும் இருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் எழுதிய புத்தகங்களை உலகம் அறியும். அத்தனை காலைகளிலும் யாரோ ஒருவர் தண்ணீர்ச் செம்போடும் சீப்போடும் அந்த அறைக்குள் போயிருக்கவேண்டும்.

எல்லாரும் கற்றிருந்தும் ஏன் விடுபடுகிறது? 2006-ல் அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்பவர், ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக விடுபட்டுப்போகும் நர்சிங் வேலைகள் எவை என்று நர்சுகளையே கேட்டு எழுதினார். அந்தப் பட்டியலில் சரீரச் சுத்தமும் இருந்தது. முக்கிய காரணம் ஆள் பற்றாக்குறை. இரவில் ஒரு வார்டை ஒரே சிஸ்டர் பார்க்கும்போது ஊசியை விட முடியாது, சலைனை விட முடியாது. வாய் கழுவாததை யாரும் கேட்கப்போவதில்லை. முதலில் விடுபடுவது அதுதான். நம் ஊர்களில் அந்த இடத்தை நிரப்புவது துணைக்கு இருக்கும் மனைவியோ மகளோதான். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் அவர்களுக்கு வராது. மூன்று நாள் முந்தியே சிஸ்டர் செய்ய அவர்கள் பார்த்து, பிறகு அவர்கள் செய்ய சிஸ்டர் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போரை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதும் சேர்க்கப்பட்டது. அப்படி வருகிறவர்களிடம் வாயைத் திறந்து காட்டி, இதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் கொடுக்கும் காணிக்கையில் இதற்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். பொருளுக்கு அதிகம் வேண்டியதில்லை. ஆளுக்குத்தான் வேண்டும். இயந்திரத்தில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம், ஓர் உதவிப் பெண்ணின் மாதச் சம்பளத்தில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாய் கழுவித் தலை வாரிவிடுவாள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள எந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதானாலும், இந்தச் சம்பளத்துக்கென்று குறித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

பொருளாகவே அனுப்ப விரும்பும் மாதர் சங்கங்களுக்கு: பிரஷ் குழந்தைகளுடையதாக, மிருதுவானதாக இருக்கட்டும். கடினமான பிரஷ் ஈறைக் கிழிக்கும். சீப்பு அகலப் பல் உள்ளதாக, ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கும் அளவுக்கு வேண்டும், ஒரே சீப்பை வார்டு முழுவதும் உபயோகிக்க முடியாது. வாசனை எண்ணெய் வேண்டாம், குமட்டல் உள்ளவர்களுக்கு ஆகாது. சாதாரணத் தேங்காய் எண்ணெய் போதும். துணி அனுப்புகிறவர்கள் புதுத் துணிக்குச் செலவழிக்கவேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய நூல் வேட்டியும் நூல் சேலையும்தான் வாய் துடைக்க நல்லது, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து மடித்து அனுப்புங்கள்.